பிரட்டுக்களமும் பள்ளிக்கூடமும்: ஊவாத் தோட்டப் பள்ளிகளின் வகுப்பறை ஒழுங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புதிதாக நியமனம் பெற்ற ஓர் ஆசிரியர் முதன்முறையாக வகுப்பறையினுட் காலடி வைக்கும் வேளையில் அவரை எதிர்நோக்கும் முதல் வினா பாடத்தைப் பற்றியதன்று, ஒழுங்கைப் பற்றியதாகும். மாணவர் எப்போது வருதல் வேண்டும், எங்கே அமர்தல் வேண்டும், எவ்வாறு விடையிறுத்தல் வேண்டும், பிந்தி வருபவனை என்செய்வது என்னும் வினாக்களுக்கு முதற் சில நாட்களிலேயே விடை கண்டாக வேண்டும். அவ்விடைகள் தெளிவாயிருப்பின் ஆண்டு முழுவதும் கற்பித்தல் இலகுவாகும். தெளிவற்றிருப்பின் ஆசிரியரின் ஆற்றலிற் பெரும்பகுதி அமைதியை நிலைநாட்டுவதிலேயே வீணாகும். இவ்வுண்மை கல்வியியலாளர் யாவர்க்கும் உடன்பாடானதே. ஆயின், அவ்வொழுங்கு எங்கிருந்து பெறப்படுகின்றது, யாருடைய நன்மைக்காக விதிக்கப்படுகின்றது என்பன வரலாற்றோடு தொடர்புடைய வினாக்களாகும். இலங்கையின் மலையகத்திலே, சிறப்பாகப் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலே, இவ்வினாக்கள் பெற்ற விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணையின் ஒழுங்கு

கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைப்பதற்கெனத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் பள்ளிக்கூடம் என்பதை அறியாதவரல்லர். அவர்கள் விட்டுவந்த ஊர்களிலே திண்ணைப் பள்ளிகள் இருந்தன. 1822ஆம் ஆண்டிலே சென்னை மாகாண ஆளுநர் தோமஸ் மன்றோ நாட்டுக் கல்விநிலை பற்றி ஒரு விசாரணையை மேற்கொண்டார். அதற்குப் பல்லாரிக் கலெக்டர் கேம்பெல் 1823ஆம் ஆண்டில் அனுப்பிய அறிக்கை அக்காலப் பள்ளியின் நடைமுறைகளை நுணுக்கமாக விவரிக்கின்றது. காலையில் முதலாவதாக வரும் மாணவனின் உள்ளங்கையிலே சரசுவதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாவதாக வருபவனின் கையிலே சுழியம் இடப்படும், அவன் புகழ்ச்சிக்கும் உரியவனல்லன், இகழ்ச்சிக்கும் உரியவனல்லன் என்பதற்கு அடையாளமாக. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் முதலில் வருபவனுக்கு ‘வேத்தான்’ என்னும் பெயர் வழங்கியதை உ. வே. சாமிநாதையரும் தமது ‘என் சரித்திரம்’ நூலிற் குறிப்பிட்டுள்ளார்.

இந்நடைமுறையில் இரு கூறுகள் நோக்கற்பாலன. ஒன்று, விதி யாவர்க்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. எத்தனையாவதாக வந்தால் என்ன கிடைக்கும் என்பதை மாணவன் வீட்டை விட்டுப் புறப்படும்போதே அறிந்திருந்தான். மற்றொன்று, ஆசிரியர் ஒருவராலேயே பள்ளி நடைபெறவில்லை. தேர்ச்சிக்கேற்ப மாணவர் பிரிக்கப்பட்டு, கீழ்ப்பிரிவினர் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையிலே மணலில் எழுத்துப் பழகினர். எண்சுவடியை முறைவைத்து ஒப்புவித்தனர். சென்னையிலே படைவீரர்தம் அநாதைச் சிறுவர்க்கான இல்லத்துக்குப் பொறுப்பாயிருந்த அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்திலே கைக்கொண்டார். 1797ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை இங்கிலாந்திலே பரவிச் ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. ஓர் ஆசிரியர் பலநிலை மாணவரை ஒருங்கே நடத்தும் கலை தமிழர்தம் திண்ணையிலிருந்து உலகிற்குச் சென்றதென்பது பெருமைக்குரியதே.

எனினும், அப்பெருமைக்கு ஓர் எல்லையுண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. தோட்டங்களுக்கு வந்தோரிற் பெருந்தொகையினர் அச்சாதிகளைச் சேர்ந்தோராவர். ஆகவே, திண்ணையின் ஒழுங்கைத் தோட்டத்துக்கு வந்த பலர் கேள்வியுற்றிருந்தனரேயன்றி அனுபவித்திருந்தனர் எனக் கூறுதல் இயலாது. அவர்தம் பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம், அது எத்துணைக் குறைபாடுடையதாயினும், பரம்பரையிலே முதலாவது பள்ளிக்கூடமாக அமைந்தது.

பிரட்டின் ஒழுங்கு

தோட்டத்தின் நாள் பள்ளிமணியோடு தொடங்குவதன்று. விடியுமுன் தப்பொலி லயங்களை எழுப்பும். தொழிலாளர் பிரட்டுக்களத்திலே அணிவகுத்து நிற்பர். கணக்கப்பிள்ளை பெயர் கூறிச் செக்றோலிற் பதிவார். கங்காணி ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவார். பிந்தி வந்தவர்க்குப் பெயரில்லை. பெயரில்லையெனில் அன்றைய சம்பளமுமில்லை. 1869ஆம் ஆண்டில் இலங்கையிலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை ஊவாவின் மலைகளை மூடியது. 1890ஆம் ஆண்டளவில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தம்பேத்தன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளை வரையும் 1924ஆம் ஆண்டிற் பதுளை வரையும் புகையிரதப் பாதை நீண்டது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிராதலின், பெண்களும் சிறுவரும் நாள்தோறும் வேண்டப்பட்டனர். பிரட்டின் கால ஒழுங்கு முழுக் குடும்பத்தின் கால ஒழுங்காயிற்று.

இச்சூழலிலே எழுந்த தோட்டப் பள்ளி தனக்கென ஓர் ஒழுங்கைப் பெற்றிருக்கவில்லை. 1854ஆம் ஆண்டிலே கண்டியில் ஆரம்பிக்கப்பட்ட தமிழ்க் கூலி மிசன் முதலான கிறித்தவ அமைப்புகள் தோட்டங்களிலே சில பள்ளிகளை நடத்தின. ஏனைய இடங்களிலே லயக் காம்பராவொன்றிலோ மடுவமொன்றிலோ எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தார். அவ்வாசிரியர் தோட்டத் துரையின் விருப்பினால் நியமிக்கப்பட்டவர்; துரையின் விருப்பின்மையால் நீக்கப்படக்கூடியவர். கற்பித்தலோடு தோட்டத்தின் பிற எழுத்து வேலைகளும் அவர்மீது சுமத்தப்படுவதுண்டு. பிள்ளைகள் கொழுந்துமலைக்கு வேண்டப்படின் வகுப்பு வெறிதாகும். தன் மாணவரின் நேரத்தின்மீது அதிகாரமில்லாத ஓர் ஆசிரியர் வகுப்பறைக்கு விதி வகுப்பதெங்ஙனம்? ஆதலின் அவர் தம்மைச் சூழ்ந்திருந்த ஒழுங்கையே கைக்கொண்டார். பெயர் கூப்பிடுதல், அணிவகுத்து நிறுத்துதல், பிரம்பினால் அடக்குதல், உரத்த குரலில் ஒப்புவிக்கச் செய்தல் என்பனவே அவர் அறிந்த முறைகளாயின. பள்ளிக்கூடம் சிறியதொரு பிரட்டுக்களமாயிற்று எனின் மிகையாகாது.

சட்டம் கூறியதும் கூறாததும்

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் சட்டமே தோட்டப் பிள்ளைகளின் கல்வியை முதன்முதலாகச் சட்டக் கடமையாக்கியது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்குவதும், அதற்கெனத் தகுந்த பள்ளி அறையொன்றை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டக் கண்காணிப்பாளரின் பொறுப்பாயின. அதன் பின்னர் 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விச் சட்டமும், 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விச் சட்டமும் வந்தன. பதிவேடும் பரிசோதகரின் வருகையும் அரசாங்கக் கொடையும் பள்ளிக்குள் நுழைந்தன.

இச்சட்டங்கள் நன்மை பயத்தன என்பதை மறுத்தலாகாது. பள்ளி அறை ஒன்று இருத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறியது. ஆனால் அவ்வறையினுள் என்ன நிகழ்தல் வேண்டும் என்பதற்கு அச்சட்டத்தால் உத்தரவாதமளிக்க இயலவில்லை. வரவுப் பதிவேடு கொடைக்கு அடிப்படையாகும்போது, பிள்ளை வந்தானா என்பதே முதன்மை பெறுகின்றது. வந்தவன் என்ன கற்றான் என்பது இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படுகின்றது. செக்றோலுக்கும் வரவுப் பதிவேட்டுக்கும் உருவத்தில் உள்ள ஒற்றுமை தற்செயலானதாயினும் கருத்திற் கொள்ளத்தக்கது. இரண்டும் பெயர்களை எண்ணுவன. பெயருக்குரியவனின் முகத்தை நோக்குவது ஆசிரியர் ஒருவராலேயே இயலும்.

மேலும், பத்து வயதோடு கல்வி முடிவடையும் என்னும் எதிர்பார்ப்புச் சட்டத்திலேயே பொதிந்திருந்தது. தோட்டத்துக்கு வெளியே உள்ள பிள்ளைக்குப் பள்ளி ஒரு வாயிலாக இருந்தது. தோட்டப் பிள்ளைக்கோ அது மலைக்குச் செல்லும் வழியில் ஓர் இடைத்தங்கலாயிற்று. வகுப்பறையிலே பிள்ளையிடம் எதனை எதிர்பார்ப்பது என்பதை ஆசிரியர் தீர்மானிக்குமுன்னரே, சமூகம் மிகக் குறைவாகவே எதிர்பார்த்திருந்தது என்பது இதனாற் புலனாகும்.

ஒதுக்கப்பட்ட காலம்

1943ஆம் ஆண்டிலே வெளிவந்த கன்னங்கராக் குழுவின் அறிக்கையும் அதனைத் தொடர்ந்து 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இலங்கையின் கிராமங்களிலே பெரும் மாற்றத்தைத் தோற்றுவித்தன. தோட்டப் பள்ளிகளோ அம்மாற்றத்தின் விளிம்பிலேயே நின்றன. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவற்றை அரசு பொறுப்பேற்க வழிசெய்த போதிலும், பொறுப்பேற்கப்பட்டவை மிகச் சிலவேயாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பாராளுமன்றத்திலே வலிமையுடன் குரலெழுப்புவோர் அருகினர். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிருவாகங்களிடமே விடப்பட்டன.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மற்றுமொரு வகையில் வகுப்பறையைத் தாக்கியது. குடும்பங்கள் இந்தியாவுக்குப் புறப்படப் புறப்பட, பதிவேட்டிலிருந்து பெயர்கள் நீங்கின. அடுத்த தவணையில் எவர் இருப்பர், எவர் இரார் என்பதை ஆசிரியர் அறியார், பிள்ளையும் அறியான். தொடர்ச்சியின்றி ஒழுங்கில்லை. நாளையும் இதே இடத்தில் அமர்வோம் என்னும் நம்பிக்கை இருந்தாலன்றி இன்றைய விதி பிள்ளையின் மனத்தில் வேரூன்றாது.

புதிய ஆசிரியரின் வருகை

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டு முதலாகத் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. 1980களின் நடுப்பகுதியிலே சுவீடன் நாட்டின் ‘சீடா’ நிறுவனத்தின் உதவி பதுளை மாவட்டத்துத் தோட்டப் பள்ளிகளுக்குக் கிடைத்தது. 1986ஆம் ஆண்டில் தோட்டப் பாடசாலைகள் கல்வி அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கட்டடங்கள் எழுந்தன. தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியராக நியமனம் பெற்றுச் சேவைக்காலப் பயிற்சி பெற்றனர். பின்னர் ஜெர்மனிய உதவியுடன் பத்தனையிலே ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி நிறுவப்பட்டது.

இம்மாற்றத்தின் முழுப் பொருளையும் உணர்தல் வேண்டும். லயத்திலே பிறந்த ஒருவர், லயத்துப் பிள்ளைகளின் முன் ஆசிரியராக நிற்கின்றார். காலையிலே பிள்ளை ஏன் பிந்துகின்றான் என்பதற்கு அவருக்கு விளக்கம் தேவையில்லை. தாய் விடியுமுன் மலைக்குச் செல்ல ஆயத்தமாவாள். மூத்த பெண்பிள்ளையே இளையவனைப் பிள்ளைமடுவத்திற் சேர்த்துவிட்டு, தண்ணீர்ப் பீலியடியில் முகங்கழுவிப் பள்ளிக்கு ஓடிவருவாள். அவளைப் பிரம்போடு எதிர்கொள்ளும் விதி, அவளுடைய பொறுப்புணர்ச்சிக்குத் தண்டனை வழங்கும் விதியாகும். ஆயினும், பிந்துவதைப் பொருட்படுத்தாது விடுதலும் அவளுக்கு நன்மை செய்வதன்று. இழந்த பாடம் இழந்ததே. அவள் வந்தவுடன் எங்கே அமர்வது, எந்தப் பயிற்சியைத் தொடங்குவது, யாரிடம் விளக்கம் கேட்பது என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பின், வகுப்பும் குலையாது, அவளும் கூனிக்குறுகி நில்லாள். ஒழுங்கு என்பது இத்தகைய முன்னேற்பாடேயன்றி வேறன்று.

ஒரே மண்டபத்திலே ஐந்து வகுப்புகள், ஓரிரு ஆசிரியர்கள் என்பதே பல தோட்டப் பள்ளிகளின் நிலையாயிருந்தது. இந்நிலையில் ஆசிரியரின் குரலால் மட்டும் வகுப்பை நடத்துதல் இயலாது. ஒரு பிரிவினர் ஆசிரியரோடு வாசிக்கும்போது மற்றொரு பிரிவினர் எழுதுதல் வேண்டும். வேறொரு பிரிவினரை மூத்த மாணவர் வழிநடத்துதல் வேண்டும். எழுதி முடித்தவன் அடுத்துச் செய்ய வேண்டியதை ஆசிரியரைக் கேளாமலே அறிந்திருத்தல் வேண்டும். இதனைக் கல்வியியலார் பல்தரக் கற்பித்தல் என்பர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெல் பாதிரியார் தமிழ்ப் பிள்ளைகளிடம் கண்டு வியந்ததும் இதனையொத்த ஒழுங்கேயாகும். வேறுபாடு யாதெனில், அன்று திண்ணைக்கு அப்பால் நின்றவர்களின் வழித்தோன்றல்களே இன்று அதனை நடத்துகின்றனர் என்பதாம்.

பிரம்பு பற்றி

திண்ணையிலும் பிரட்டுக்களத்திலும் பொதுவாயிருந்தது பிரம்பு. அடியாத மாடு படியாது என்னும் பழமொழி பெற்றோர் வாயிலும் ஆசிரியர் வாயிலும் வழங்கியது. இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் வாயிலாகப் பாடசாலைகளில் உடல்சார் தண்டனையைத் தடைசெய்தது. சுற்றறிக்கையொன்றால் வழக்கம் ஒரே நாளில் ஒழிந்துவிடுவதில்லை. பிரம்பை விட்டால் வகுப்பை அடக்குவதெப்படி என்னும் வினா புதிய ஆசிரியர் பலரிடம் எழுந்ததும் இயல்பே.

அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை ஒன்றுண்டு. கேம்பெல் விவரித்த பள்ளியிலே மாணவனை நேரத்துக்கு வரச்செய்தது அடி மட்டுமன்று. முதலில் வந்தவன் கையில் எழுதப்பட்ட சரசுவதியின் பெயருமாகும். அஞ்சத்தக்கது எது என்பதோடு விரும்பத்தக்கது எது என்பதும் அங்கே தெளிவாயிருந்தது. தோட்டத்தின் ஒழுங்கிலோ விரும்பத்தக்கது எதுவும் இருக்கவில்லை, இழக்கத்தக்கதே இருந்தது. பிரம்பு நீங்கிய இடத்தைத் தெளிவும் பாராட்டும் நிரப்பாவிடின், அவ்விடத்தைக் கடுஞ்சொல் வந்து நிரப்பிக்கொள்ளும். ‘தோட்டத்துப் பிள்ளைதானே’ என்னும் சொல் பிரம்பினும் ஆழமாகப் பதியக்கூடியது.

விதிகள் பிள்ளையின் இயல்பை நசுக்குவன, அவற்றை இயன்றவரை குறைத்தலே நன்று எனக் கூறுவாரும் உளர். வசதி படைத்த இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால், தன் நாளைத் தான் தீர்மானிக்க இயலாத ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு, இன்ன நேரத்தில் இன்னது நிகழும் என உறுதியாக நம்பத்தக்க ஓரிடம் இருத்தல் பெரும் ஆறுதலாகும். அங்கே ஒழுங்கு தளையன்று, பற்றுக்கோடு.

மீரியபெத்தவின் காலை

இவ்வுண்மையை உணர்த்திய நாள் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாளாகும். பதுளை மாவட்டத்து அல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அண்மையில் அமைந்த மீரியபெத்தத் தோட்டத்தின்மீது அன்று காலை மலை சரிந்து வீழ்ந்தது. லயங்களும் கோயிலும் சேற்றினுட் புதைந்தன. பல உயிர்கள் மாண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அவ்விடத்தின் அபாயத்தை எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது.

சரிவு நிகழ்ந்த வேளை காலைப் பள்ளி நேரமாகும். பிள்ளைகள் பலர் அதற்குள் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டமையால் உயிர் தப்பினர். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் தம் வீடு இருந்த இடத்திலே மண்ணைக் கண்டனர். பெற்றோரை இழந்தோரும் அவருள் இருந்தனர். நேரத்துக்குப் பள்ளி செல்லும் வழக்கமே அவர்தம் உயிரைக் காத்தது என்று கூறி அமைதி காணுதல் முறையன்று. எச்சரிக்கைகள் செவிமடுக்கப்பட்டிருப்பின் அவர்தம் பெற்றோரும் காக்கப்பட்டிருப்பர். ஆயினும், அன்று அப்பிள்ளைகளிடம் எஞ்சியிருந்தது புத்தகப்பையும் பள்ளியுமே என்பது உண்மை.

உயிர் தப்பிய மக்கள் கொஸ்லந்தை ஸ்ரீ கணேஷா தமிழ் வித்தியாலயத்திலும் பூனாகலைத் தமிழ் வித்தியாலயத்திலும் தங்கவைக்கப்பட்டனர். வகுப்பறை வீடாயிற்று. பேரிடருக்குப் பிந்திய நாட்களிலே பிள்ளைகளை மீண்டும் நாளாந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவருதலே அவர்தம் மனக்காயத்துக்கு முதல் மருந்தென்பது உளவியலார் யாவரும் வலியுறுத்துவதாகும். மணி அடித்தல், பெயர் கூப்பிடுதல், ஒன்றாக அமர்தல் ஆகிய மிகச் சாதாரணச் செயல்கள், யாவும் சரிந்துவிடவில்லை என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துகின்றன. முன்னொரு காலத்திலே பெயர் கூப்பிடுதல் உழைப்பை எண்ணுவதற்காக நிகழ்ந்தது. இங்கே அது உயிரோடிருப்பவரைப் பெயர்சொல்லி அழைப்பதாயிற்று. செயல் ஒன்றே, நோக்கம் வேறு.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஊவாத் தோட்டப் பள்ளியின் வகுப்பறை ஒழுங்கு மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளமை தெளிவாகும். திண்ணையின் ஒழுங்கு கற்றலுக்காக அமைந்தது, ஆயின் யாவர்க்கும் உரியதன்று. பிரட்டின் ஒழுங்கு யாவரையும் உள்ளடக்கியது, ஆயின் கற்றலுக்குரியதன்று. யாவர்க்கும் உரியதும் கற்றலுக்கென அமைந்ததுமாகிய ஓர் ஒழுங்கை உருவாக்கும் பணி, தோட்டத்திலிருந்தே எழுந்த ஆசிரியர் தலைமுறையின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் பட்டதாரிகளுட் பலர் நாளை ஆசிரியராகப் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளுக்குச் செல்லக்கூடும். அவர்கள் முதல் நாளிலே கரும்பலகையில் எழுதும் விதிகள் சிலவாயிருக்கட்டும், தெளிவாயிருக்கட்டும், எழுதியவரையும் கட்டுப்படுத்துவனவாயிருக்கட்டும். ஆசிரியர் நேரத்துக்கு வாராத வகுப்பில் மாணவரின் நேரந்தவறாமை பற்றிப் பேசுதல் பயனற்றது. அவற்றை எழுதுமுன் வரவுப் பதிவேட்டை ஒருமுறை திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய பிள்ளை எந்த லயத்திலிருந்து, எவ்வளவு தூரம் நடந்து, யாரை எங்கே விட்டுவிட்டு வருகின்றான் என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. அவ்வறிவின்மீது எழும் ஒழுங்கே நிலைக்கும்.